வேலூரில் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: திறன் கூட்டுவதாகச் சொல்லி என் சிலிண்டரையே மாற்றிவிட்டார்கள்

பழைய ஸ்கூட்டரின் இன்ஜினுக்குக் கூடுதல் திறன் ஏற்றித் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால், வண்டியை ஒப்படைப்பதற்கு முன் எனக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டறையின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் எனக்கு ரசீது தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. கையில் தாள் இல்லாமல் ஒருவர் பெயரைச் சொல்வது முறையாகாது.

வண்டி என் அப்பா 1994இல் வாங்கிய பஜாஜ் சேட்டக். சிலிண்டரின் உள்விட்டமான போர் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவான ஸ்ட்ரோக்கும் அதே 57, ஆக 145 சிசி. 2006இல் ஒரே ஒரு முறை போர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டார். அப்போது லேத் பட்டறைக்காரர், வேறு சிலிண்டர்களோடு கலந்துவிடாமல் இருக்க, சிலிண்டரின் அடிப்பக்கத் தகட்டில் பஞ்ச் வைத்துத் தட்டி மூன்று புள்ளிகள் போட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன். அந்த மூன்று புள்ளிகள்தான் பின்னால் எனக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

கடந்த ஓராண்டாக, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறினால் வண்டி மூன்றாம் கியரில் இழுக்கவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் சீவி, வாயு வந்துபோகும் வாய்களான போர்ட்டுகளைப் பெரிதாக்கி, சைலன்சரையும் திறந்துவிட்டால் ஏழரைக் குதிரைத்திறன் பன்னிரண்டாகும் என்றார். பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசி, எட்டாயிரம் முன்பணம் கொடுத்தேன். வண்டி மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

திரும்பி வந்தபோது சத்தம் காதைப் பிளந்தது. மேம்பாலம் ஏறும் இழுவையோ முன்பைவிடக் குறைந்திருந்தது. அது ஏன் என்பதைப் பிறகே புரிந்துகொண்டேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல்நோக்கி அரத்தால் உயர்த்தினால், பிஸ்டன் இறங்கும்போது அது முன்கூட்டியே திறந்துவிடுகிறது. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தொலைவு அந்த அளவுக்குக் குறைகிறது. இன்ஜின் மிக வேகமாகச் சுழலும்போது இதனால் ஆதாயம் உண்டு. ஆனால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாக மேடேறும் குடும்ப வண்டிக்குத் தேவையான, குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை போய்விடுகிறது. சைலன்சரின் உள்ளமைப்பும் சத்தத்தை அடக்க மட்டும் இருப்பதன்று. வெளியேறும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, எரியாத புதுக் கலவை அதனோடு சேர்ந்து ஓடிவிடாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதை வெட்டி எடுத்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை மட்டும் பழையபடியே விட்டிருந்தார்கள். அதனால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தது. இந்த இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் மசகும் குறைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான ஒன்றையும் செய்திருந்தார்கள். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகர உறையை, "காத்து நல்லா படட்டும் சார்" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார்கள். சேட்டக்கின் இன்ஜின் பைக்கில் இருப்பதைப் போலத் திறந்த காற்றில் நிற்பதில்லை. இன்ஜினோடு சுழலும் மேக்னெட் சக்கரத்தின் விசிறி தள்ளும் காற்றை அந்த உறைதான் சிலிண்டரின் மேல் பாய்ச்சுகிறது. உறை இல்லையென்றால் காற்று வெளியே சிதறிப்போகும். இது தெரியாத ஒருவரிடம் நான் இன்ஜினைக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அக்கினி நட்சத்திர வெயிலில், ஆரணிக்குப் போகும் வழியில், கணியம்பாடி தாண்டிக் கண்ணமங்கலத்தை நெருங்கும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதலில் யாரோ பின்னாலிருந்து இழுப்பதைப் போல வேகம் குறைந்தது, அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியது. கிளட்சைப் பிடித்ததால் நான் விழவில்லை. மனைவி சாலையோரத்தில் விழுந்து முழங்கை கிழிந்தது. பின்னால் பேருந்து ஏதும் வராதது எங்கள் நல்ல நேரம்.

வண்டியை ஆட்டோவில் ஏற்றி ராணிப்பேட்டையில் ஒரு மெக்கானிக் பெரியவரிடம் கொண்டுபோனேன். பிளக்கைக் கழற்றியதும், "பாரு தம்பி, வெள்ளையா வெந்திருக்கு" என்று காட்டினார். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் அது காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டுமாம். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுவதும் கீறல். அரத்தால் தேய்த்த போர்ட்டின் ஓரத்தை மழுக்காமல் விட்டதால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங் அதில் மாட்டி உடைந்திருந்தது. பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பார்த்தபோது 0.75 என்று அளவு பொறித்திருந்தது. என் வண்டியில் இருக்க வேண்டியது 0.25. சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று புள்ளிகளும் இல்லை.

பட்டறையில் போய்க் கேட்டேன். "உங்க சிலிண்டர்தான் சார் அது, அடுத்தவங்க சாமான் எங்களுக்கு எதுக்கு?" என்றார் உரிமையாளர். பழைய பிஸ்டனைக் கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார். இன்ஜின் எண் சிலிண்டரைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிலிண்டரில் எந்த எண்ணும் இல்லாததால், ஆர்சி புத்தகத்தை வைத்து இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல பழைய சிலிண்டருக்கு இப்போது என்ன விலை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

என் வண்டியில் முதலில் இருந்த குறை என்னவென்றும் பெரியவர் சொன்னார். கழற்றிப் போட்டிருந்த சைலன்சர் துண்டுகளில் கரி அடைத்து, வழி விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. கரியை நீக்கிப் புது ரிங் போட்டிருந்தால் மேம்பாலம் ஏறியிருக்கும். ஆகவே இழுவை குறைந்தால் முதலில் சைலன்சரையும் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டரை வெளியே எடுப்பதாக இருந்தால் உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லி, படம் பிடித்து, மறைவான இடத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். போர் அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். மாற்றும் பாகம் ஒவ்வொன்றையும் திரும்பக் கேளுங்கள். ரசீது தராத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள்; மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணமே இல்லையென்றாலும், ரசீது இல்லாமல் போய் நிற்பது கடினம் என்பதை இப்போது அனுபவிக்கிறேன்.

பெரியவர் அந்தச் சிலிண்டரைக் கடைசி அளவான ஒரு மில்லிமீட்டருக்குப் போர் செய்து ஓட வைத்திருக்கிறார். இதற்கு மேல் அதில் தேய்க்க இடமில்லை. வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் எவரேனும் அண்மையில் பழைய சேட்டக் சிலிண்டர் வாங்கியிருந்தால், அடிப்பக்கத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். மூன்று புள்ளிகள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலையையே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.