நாற்றத்தில் புரண்ட நாயும் நுரைக்கும் கலவையும்

செத்த எலியோ அழுகிய மீனோ கண்ணில் பட்டால் போதும், எங்கள் நாய் பிடரியைச் சாய்த்து அதன்மேல் ஆனந்தமாகப் புரளும். அதனால் நாற்றம் போக்கும் சரக்குகள் பலவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன்.

வாசனை ஷாம்புவால் பயனில்லை. குளிப்பாட்டியதும் மல்லிகை மணக்கும். முடி காய்ந்ததும் மல்லிகையோடு எலியும் சேர்ந்து மணக்கும். தக்காளிச் சாறு வெறும் கட்டுக்கதை. நம் மூக்கு நாற்றத்துக்குப் பழகிவிடுகிறது, பெயர் தக்காளிக்குப் போகிறது.

நிலைத்து நின்றது, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தைப் போக்க அமெரிக்க வேதியியலாளர் பால் கிரெபாம் 1993இல் வெளியிட்ட கலவை. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 1 லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு தேக்கரண்டி. நாறும் கந்தகச் சேர்மங்களை இது மணமற்றவையாக மாற்றுகிறது. எலியின் கொழுப்பைக் கரைப்பது பாத்திரத் திரவம். 5 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசவேண்டும். கண்ணிலும் காயத்திலும் படக்கூடாது. கறுப்பு முடி சற்றே வெளுக்கலாம். மிச்சத்தைப் பாட்டிலில் மூடிவைத்தால் வாயு திரண்டு வெடித்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலப்பதுதான் இதில் உள்ள ஒரே தொல்லை.

ஆனால் எந்தக் கலவையும் முன்வேலைக்கு ஈடாகாது. எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு அடிமுடிவரை இறங்கிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு, காகிதத்தால் கிள்ளிக் கிள்ளி எடுப்பேன். காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தால், தோலோடு ஒட்டிய பழுப்பு நிறத் துணுக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். அதை விட்டுவிட்டால் குளியல் முழுவதும் வீண். நாயோ இதற்குள் மூன்று முறை உடம்பை உதறி எனக்கும் பங்கு கொடுத்திருக்கும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கலவை, அலசல், கடைசியில் நாய்க்கான ஷாம்பு.

கழுத்துப்பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளித்த நாய் இரவில் மீண்டும் நாறினால் முதலில் அதைத்தான் முகர்ந்துபார்க்கவேண்டும். நைலான் பட்டை என்றால் அதே கலவையில் ஊறப்போடலாம், சாயம் வெளுத்தாலும் பரவாயில்லை. தோல் பட்டையில் ஏறிய நாற்றத்தை என்னால் இதுவரை போக்க முடிந்ததில்லை. குப்பைத் தொட்டிதான் அதற்கு இடம்.