நியூசிலாந்தில் ஒரு பழைய ஹையேஸ்: வாங்கியதும் வீடாக்கியதும் விற்றதும்

நியூசிலாந்தில், உள்ளேயே உறங்கிச் சமைக்க வசதி செய்த பழைய கேம்பர் வேனின் விலையை அதன் வயதைவிட மாதமே அதிகம் தீர்மானிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கோடையைக் கருதி வரும் பயணிகள் ஆக்லாந்தில் இறங்கியதும் வண்டி தேடத் தொடங்குகிறார்கள். மார்ச் கழிந்ததும் அவர்களே ஊர் திரும்பும் அவசரத்தில் கிறைஸ்ட்சர்ச்சில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். இதை அறிந்தே நானும் என் கணவரும் ஏப்ரலில் கிறைஸ்ட்சர்ச்சில் வாங்கி, குளிர்காலம் முழுவதும் தென்தீவில் ஓட்டி, டிசம்பரில் ஆக்லாந்தில் விற்பதெனத் திட்டமிட்டோம். வாங்கியது 2006ஆம் ஆண்டின் டொயோட்டா ஹையேஸ்; 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஓடியிருந்தது சுமார் 2,80,000 கிலோமீட்டர். விலை 11,500 நியூசிலாந்து டாலர். கட்டில், அலமாரி, சிறு சமையல் மேடை, கூரையில் ஒரு சோலார் பேனல் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

அங்கு ஒவ்வொரு வண்டிக்கும் ‘வாரன்ட் ஆஃப் ஃபிட்னெஸ்’ என்ற தகுதிச் சான்று வேண்டும். பேச்சு வழக்கில் அது ‘வோஃப்’. விற்கும் நாளில் அந்தச் சான்று ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இருந்தால் வாங்குபவர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். புதிய வோஃப் ஒட்டியிருப்பதைக் கண்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை டயர், பிரேக், விளக்கு, சீட் பெல்ட், சட்டகத்தைப் பாதிக்கும் துரு ஆகியவற்றைப் பார்ப்பதே தவிர, எஞ்சினையோ கியர் பாக்ஸையோ கிளட்சையோ பார்ப்பதில்லை. ஆகவே சுமார் 200 டாலர் செலவழித்துத் தனியாக ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் அதிக நேரம் செலவிட்டது முன்கண்ணாடியின் ஓரச் சட்டத்திலும் மழைநீர் வழியும் கூரை விளிம்பிலும் பின்சக்கரக் குழிகளுக்குள்ளும்தான். கடலோரத்தில் ஓடிய வண்டி எதுவாயினும் துரு முதலில் அங்கேதான் தலைகாட்டும் என்றார்.

டீசல் வண்டிகளும் சந்தையில் நிறைய உண்டு. பம்பில் டீசல் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், சாலை வரி அதன் விலையில் சேராததுதான். டீசல் வண்டிக்காரர் ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் 76 டாலர் வீதம் அந்த வரியை முன்கூட்டியே செலுத்தி, அதன் வில்லையை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். முந்தைய உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் அந்தக் கடன் வாங்குபவர் தலையில் விழும் என்பதால், வில்லையில் உள்ள எண்ணையும் ஓடோமீட்டரையும் ஒப்பிடாமல் டீசல் வண்டிக்கு விலை பேசவே கூடாது. நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் குடித்தாலும், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ள இந்தப் பெட்ரோல் எஞ்சின் எண்ணெய் மாற்றத்துக்கு மேல் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

வண்டியின் உலோகப் பகுதியைப் பரிசோதிக்க ஆள் உண்டு. அதற்குள் யாரோ செய்துவைத்த மரவேலையையும் ஒயரிங்கையும் பரிசோதிக்க யாரும் இல்லை. பழைய கேம்பர் வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது முன்பின் தெரியாத ஒருவரின் கைவேலைக்குத்தான் என்பதைக் கட்டிலுக்கு அடியிலிருந்த பலகையைக் கழற்றியபோது கண்ணால் கண்டோம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போன ஒயரில் ஃப்யூஸே இல்லை. இணைப்புகள் முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன. ஒயர் தகட்டைத் துளைத்துச் சென்ற இடத்தில் ரப்பர் வளையம் இல்லாததால், அதன் மேலுறை பாதி தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்த ஒயரிங்கை முழுவதும் பிடுங்கி எறிந்தோம்.

புதிதாக 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, ஓடும்போது எஞ்சினிலிருந்து மின்னேற்றும் டிசி-டிசி சார்ஜர், 160 வாட் பேனல், ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃப்யூஸ் என அமைத்தோம். சாதாரண ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் பயன்படுத்தினால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். ஒரு நாளில் எங்கள் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் முப்பது ஆம்பியர் மணிக்குமேல் தின்றதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது. ஆனால் லித்தியத்துக்குக் குளிரில் ஒரு பிடிவாதம் உண்டு. ஜூலையில் டெக்கப்போ ஏரிக்கரையில், பேனலில் வெயில் பளிச்சென்று விழுந்துகொண்டிருக்க, பேட்டரியின் காப்புச் சுற்று மின்னேற்றத்தை மறுத்தது. செல்கள் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றினால் அவை கெட்டுவிடும் என்பதால் அது செய்தது சரிதான். அதன்பின் பேட்டரியைப் பின்கதவோரத்திலிருந்து கட்டிலின் நடுப்பகுதிக்கு மாற்றினோம். இரவில் எங்கள் உடல் வெப்பமே அதற்குப் போதுமாயிற்று. நம் ஊர்ப் பழக்கத்தில் பேனலைத் தெற்கே சாய்க்கத் தோன்றும். அங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்வாக ஓடுவதால், வண்டியை நிறுத்தும் திசையே மாறுகிறது.

மின்சாரத்தைவிடக் கடினமான எதிரி ஈரம். இருவர் மூச்சுவிட்டு உறங்கும் ஒரு தகரப் பெட்டிக்குள், வெளியே உறைபனி இருக்கையில், கண்ணாடிகள் மட்டுமன்றி மெத்தையின் அடிப்பக்கமும் விடியலில் நனைந்துவிடுகிறது. முந்தையவர் மெத்தையை நேரே ப்ளைவுட் மீது போட்டிருந்ததால் அடியில் கறுத்த பூஞ்சணம் படர்ந்திருந்தது. மெத்தையை மாற்றி, ப்ளைவுட்டை எடுத்துவிட்டு இடைவெளிவிட்ட பைன் சட்டங்களைப் பொருத்தினோம். சுவர்த் தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையில் ஆட்டுக் கம்பளியைத் திணித்தோம். ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் அந்தப் பொருள் செம்மறிகளின் நாட்டில் எளிதாகக் கிடைக்கிறது. எவ்வளவு குளிரானாலும் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு விரல் அளவு திறந்துவைத்தே உறங்கினோம். சிறு டீசல் ஹீட்டர் பொருத்திய பிறகுதான் துணிகள் காய்ந்தன. காஸ் அடுப்பை ஏற்றிச் சூடு காய்பவர்களையும் கண்டோம். எரிவாயு எரிகையில் நீராவியும் வெளிவருவதால் ஈரம் கூடுகிறது, கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு.

சமையலுக்கு வைத்திருந்த பியூட்டேன் டப்பா அடுப்பு கோடைக்கு ஏற்றது. பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடுவதால், உறைபனிக் காலையில் சுடர் நீலத்திலிருந்து ஒன்றுமில்லாததாகிவிடும். டப்பாவைப் போர்வைக்குள் வைத்திருந்து எடுப்பது வழக்கமாயிற்று. சாதமும் பருப்பும் குக்கரில் முடிந்துவிடும் என்பதால் காஸ் வெகுவாக மிச்சமானது. தாளிப்பை மட்டும் எப்போதும் பின்கதவைத் தூக்கி, அதன் நிழலில் மடக்கு மேசை போட்டு வெளியே செய்தோம். வண்டிக்குள் ஒருமுறை பெருங்காயம் பொரிந்தால் கம்பளிப் போர்வை அதை வாரக்கணக்கில் மறக்காது. மில்ஃபோர்ட் சாலையிலும் மேற்குக் கரையிலும் சாண்ட்ஃபிளை என்னும் கடிபூச்சிகள் அந்தத் திறந்த கதவைத்தான் தேடி வருகின்றன. காந்தம் தைத்த வலைத்திரை இல்லாமல் அங்கே சமைக்க நினைப்பது வீண்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2023 ஜூன் 7 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றமே வேன் வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது. பொது இடங்களில் இலவசமாகத் தங்க அனுமதிக்கும் தன்னிறைவுச் சான்று (கழிப்பறையும் நீரும் வண்டியிலேயே உண்டு என்பதற்கானது), புதிய முறையில் பச்சை நிறத்தில் தரப்படுகிறது. கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டில் விரித்த நிலையிலும் உள்ளே அதைப் பயன்படுத்த இயல வேண்டும். தூக்கி வைக்கும் கழிப்பெட்டி இருந்தாலே கிடைத்த பழைய நீலச் சான்றுக்கு அரசு கொடுத்த அவகாசம் 2026 ஜூன் வரைதான். எங்கள் வேனில் இருந்தது நீலம். பச்சைக்காகக் கட்டிலைக் கால்மாட்டில் குறைத்து, கதவோரம் ஒரு பெட்டிக்குள் கழிப்பறையைப் பூட்டினோம். ஓர் ஆளுக்கு மூன்று நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் குடிநீர், அதே அளவு கழிவுநீர்த் தொட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டி என்பன ஏற்கெனவே இருந்தன. ஹையேஸின் அகலத்தில் இந்த விதி மனிதர் கால் நீட்டும் இடத்தைத்தான் விலையாகக் கேட்கிறது. என் கணவர் கடைசிவரை மூலைவாட்டில்தான் உறங்கினார்.

ஒயரிங், பேட்டரி, ஹீட்டர், கம்பளி, கழிப்பறை, சான்று எல்லாம் சேர்ந்து 3,000 டாலருக்குச் சற்று மேல் ஆயிற்று. டிசம்பரில் ஆக்லாந்தில் 13,000 டாலருக்கு விற்றோம். பார்க்க வந்தவர்கள் திரைச்சீலையையும் மரவேலையையும் புகழ்ந்தார்கள். ஆனால் விலையை நிலைநிறுத்தியது பச்சைச் சான்றும் புதிய வோஃபும்தான். உரிமை மாற்றத்தை வாங்குபவரும் விற்பவரும் தனித்தனியே போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவர் தெரிவிக்காவிட்டால் அதன்பின் வரும் அபராதச் சீட்டுகள் பழைய பெயருக்கே வந்துகொண்டிருக்கும். ஆகவே பணம் வங்கியில் ஏறி, எங்கள் பங்கு அறிவிப்பு பதிவானதாக மின்னஞ்சல் வந்த பிறகே சாவியைக் கொடுத்தோம்.