பெரியம்மா முன்னால் ஒரு மேசை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன பயணத்தில் மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது, அதை விடுங்கள். அந்த மேசையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பெரியம்மா இருப்பது டவுனைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில். பெயர் வேண்டாம், நடத்துபவர்கள் கெட்டவர்கள் இல்லை. தரை பளிச்சென்று இருந்தது, பசியாற இட்லி, மத்தியானம் மீன்கறி. கூடத்தில் சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு மடக்கு மேசையை வயிற்றோடு ஒட்டித் தள்ளி, அது நகராமல் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

“எழுந்திருச்சி நடக்கப் பாக்குறாங்கக்கா. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?”

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்குக்குப் பெயர் கூப்பிடும் வரிசையில் நின்று, நெற்றி விளக்கு கட்டி, 500 மரத்தில் பால் வெட்டி, காண்டாக் கம்பில் தொங்கும் வாளியில் பால் சுமந்து மேடேறின பொம்பளை!

நான் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறேன், அதனால் கண் சும்மா இருக்காது. அங்கே ஒருவரை எழவிடாமல் மேசை போட்டால் கட்டிப்போட்டதற்குச் சமம். சம்மதம், காரணம், மறுபரிசீலனை என்று ஒரு கட்டு காகிதம் வேண்டும். இங்கே ஒரு அரிசி மூட்டையில் வேலை முடிந்தது.

காலையில் உடற்பயிற்சி உண்டு. டிவியில் பாட்டு ஓட, ஒரு சின்னப் பெண் “சாத்து, டுவா, தீகா” என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, எல்லாரும் கையைத் தூக்கி இறக்கினார்கள். கால் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. விழாமல் காப்பது தொடையும் இடுப்பும்தானே? நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்கார்வதே பெரிய பயிற்சி. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி 87 வயதான 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1994-இல் வந்தது. 10 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்ததில் தசை பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. உலக சுகாதார நிறுவனமும் 65 தாண்டியவர்களுக்கு வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் பலப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. விழுவார்கள் என்று உட்கார வைத்தால் கால் இளைக்கும். இளைத்த கால் நிச்சயம் விழும்.

மூளைக்குப் பயிற்சி என்று ஆப்பிள் படத்துக்கு வர்ணம் தீட்டக் கொடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு! ஒரு பாட்டி பென்சிலால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார், சரியான உபயோகம்.

அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்த தாத்தா, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய தண்டல், பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். மறதி நோய், பெற்ற மகனையே தெரியாதாம். ஆனால் நிரை வாரியாகப் பெயர் கூப்பிடுகிறார், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. “வந்தாச்சு தண்டலே!” என்று பாட்டிகள் குரல் கொடுக்கிறார்கள். குரல் கொடுக்காதவருக்கு “அரை நாள் கட்!” கூடமே சிரித்தது. பெரியம்மா பெயர் வந்ததும் இரண்டு கையாலும் மேசையை ஊன்றி, மூட்டையோடு நெட்டித் தள்ளிக்கொண்டு நின்றேவிட்டார். முழங்கால் நடுங்கியது, முதுகு நிமிர்ந்திருந்தது.

“டுடுக் பாட்டி, டுடுக்!” உட்காரு, உட்காரு என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கும் சேர்த்து நானே கத்திவிட்டேன்.

பெர்த்தை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க முடியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு என்று கணக்கெல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கள் இல்லத்துத் தமிழ் அம்மா, ஆங்கிலத்தில் எண் கூப்பிடும் பிங்கோ விளையாட்டில் ஒன்றும் புரியாமல் அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் பெயரைச் சரியாகக் கூப்பிடக்கூட ஆளில்லை.

நிர்வாகியோடு சாயங்காலம் வரை மல்லுக்கட்டினேன். விழுந்தால் இல்லம் பொறுப்பில்லை என்று ஈப்போவில் இருக்கும் அண்ணன் கையெழுத்துப் போட்ட பிறகு, பெரட்டு நேரத்துக்கு மட்டும் மேசையை எடுப்பதாகவும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதாகவும் ஒத்துக்கொண்டார். முழு நாளுக்கு இன்னும் பேசவேண்டும்.

இப்படிப்பட்ட இல்லங்களுக்குப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பிஸ்கட் டின் தூக்கிப் போகாதீர்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை. அத்தனை பேர் காலிலும் தேய்ந்த ஜப்பான் சிலிப்பர். குதிகாலில் வார் உள்ள, வழுக்காத செருப்பு வாங்கிப் போங்கள். அளவை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.