தோண்டுவது ஒருவர், மூடுவது யார்? பெருநகர நிர்வாகத்தோடு என் நீண்ட கால அனுபவம்

ஒரு பெருநகரத்தின் ரோடு, பஸ், வடிகால், புகார் சேவை எல்லாவற்றையும் பல வருடங்களாக தினமும் பயன்படுத்தி வருகிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: புகார் வாங்கும் விதம் நன்றாக முன்னேறியிருக்கிறது, தோண்டிய ரோட்டை மூடும் விதம் முன்னேறவே இல்லை.

புகார் ஆப்பில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினால் உடனே புகார் எண் வந்துவிடுகிறது. எரியாத தெருவிளக்கு, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி என்றால் ஆள் வருகிறார்கள், வேலையும் நடக்கிறது. நியூயார்க் 2003-ல் 311 என்ற ஒரே எண்ணைக் கொண்டுவந்ததன் பலமே, எது எந்த இலாகாவின் பொறுப்பு என்று தெரியாதவரும் கூப்பிடலாம் என்பதுதான். ஆனால் எங்கள் ஊரில் ரோட்டுப் பள்ளம் என்று புகார் போட்டால், வெட்டியது குடிநீர்க்காரர்களா, மின்சாரமா, கேபிள் கம்பெனியா என்ற கேள்வியிலேயே அது மேஜை மேஜையாக நகர்கிறது. கடைசியில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிடுகிறார்கள். பள்ளம் அப்படியே கிடக்கிறது. வேலை முடிந்த படத்தை ஏற்றாமல் புகாரை முடிக்க முடியாது என்று வைத்தாலே பாதி கோபம் அடங்கும்.

பள்ளத்தை எப்படி மூடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பைப் பதித்த பிறகு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்தியபின்தான் ஜல்லியும் தாரும் வர வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் மண்ணை மொத்தமாகத் தள்ளி, மேலாக ஒரு தட்டுத் தட்டி, தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்ததும் உள்ளே மண் இறங்குகிறது. பழைய தாரும் புதிய தாரும் சேரும் ஓரத்தில் விரிசல் விடுகிறது, அதற்குள் தண்ணீர் போகிறது, கனமான வண்டிகள் ஏறி ஏறி மறுபடியும் பள்ளம். இரவில் டூவீலரில் வருகிறவருக்கு இது உயிர் போகும் விஷயம்.

அப்புறம், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு போடும் பழக்கம். பாதாளச் சாக்கடை மூடியை உயர்த்தாமல் விட்டால், புது ரோட்டின் நடுவிலேயே ஒரு குழி தயார். வீட்டு வாசல்கள் ரோட்டைவிடத் தாழ்ந்துபோய், மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில், ரோட்டைத் தோண்டிய நிறுவனமே மூடிய இடத்துக்கு 2 வருடம் உத்தரவாதம் தர வேண்டும். ஆழமான பள்ளம் என்றால் 3 வருடம். லண்டனில் 2012 முதல், நெரிசல் மிகுந்த ரோடுகளில் பரபரப்பான நேரத்தில் இடத்தை அடைத்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரை வாடகை. வாடகை ஓடும்போது வேலையை இழுத்தடிக்க யாருக்கும் மனசு வராது.

பஸ் சேவையைப் பொறுத்தவரை, எந்த பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே தெரிவது உண்மையிலேயே பெரிய வசதி. சரி, பஸ் வந்துவிட்டது, அது போக வழி வேண்டாமா? கொலம்பியாவின் தலைநகரான போகோட்டா 2000-ல் டிரான்ஸ்மிலேனியோ என்ற தன் பஸ் சேவைக்குத் தனிப் பாதை ஒதுக்கியது. எங்கள் ஊரிலோ, பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கும் இடத்தில் புது பஸ்ஸும் பழைய பஸ்ஸும் ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன.

சமீப காலமாக எங்கள் பகுதியில் சில வேலைகளுக்குப் பலகை வைக்கிறார்கள்: எந்த இலாகா, என்ன வேலை, எப்போது முடியும், யாரைக் கூப்பிடுவது. பலகை வைத்த இடங்களில் வேலை சீக்கிரம் முடிவதை நானே பார்த்தேன், மனதாரப் பாராட்டுகிறேன். அதே பலகையில், மூடிய இடத்துக்கு யார் எத்தனை வருடம் பொறுப்பு என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி அடுத்த புகாரில் எழுதப் போகிறேன்.