உவர்மலை சனிக்கிழமை தத்துவ வகுப்பு: காசு குடுத்துப் போகலாமா?

திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு ரியூசன் ஹோல்ல சனி பின்னேரங்கள்ல பாலியல், அடையாளம், போன் எல்லாத்தையும் சேத்து ஒரு குறுங்கோர்ஸ் நடக்குது, மேற்கத்தேய தத்துவத்தை ஒரு சேரும் இஸ்லாமியத் தத்துவத்தை ஒரு மௌலவியும் எடுக்கினம், ரெண்டு பேரும் ஒரே மேசையில இருந்து ஆளையாள் மறிச்சுக் கதைக்கிறதுதான் விசேஷம். தலைப்பைக் கேட்டு வீட்டில முகம் சுளிச்சவை, பயப்பிட ஒண்டுமில்லை.

முஸ்லிம் தத்துவஞானி இப்னு சீனாவில தொடங்கினவை. அந்தரத்தில தொங்கிற ஒரு மனுசன், கண் காது ஒண்டும் இல்லை, கைகால் ஒண்டிலயொண்டு முட்டாது, எண்டாலும் தான் இருக்கிறது அவனுக்குத் தெரியுமாம். இப்னு சீனா மௌத்தானது 1037, பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் 'யோசிக்கிறன், அதால இருக்கிறன்' எண்டு எழுதினது 1637, சரியா 600 வருசம். கிண்ணியாவில இருந்து வாற தங்கச்சி ஒராள் கையை உயத்தி, "அந்தத் தொங்கிற ஆள் ஆம்பிளையா பொம்பிளையா சேர்?" எண்டா பாருங்கோ, ரெண்டு பேரும் முழிச்ச முழிக்கே குடுத்த காசு சரி.

உச்சம் பிரெஞ்சுத் தத்துவஞானி ஃபூக்கோவைப் பற்றின வகுப்புத்தான். சேர் ஒரு கலியாண ஆப்பிட பதிவுப் படிவத்தைத் திரையில போட்டு ஒவ்வொரு கேள்வியா வாசிச்சார், முந்தி உறவிருந்ததா, பிள்ளை வேணுமா, தொழுவீங்களா எண்டு கேட்டுக்கொண்டே போகுது. பாதிரியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னதைப் பிறகு டொக்டரிட்டச் சொல்ல வச்சு, செய்த காரியத்தை விட்டிட்டு 'நீ இன்ன ஆள்' எண்டு முத்திரை குத்தினதுதான் மேற்கிட கதை எண்டு ஃபூக்கோ 1976ல எழுதினவர், இப்ப போனிட்டச் சொல்றம், அவ்வளவுதான். மௌலவி உடன மறிச்சு, அல்லாஹ் மறைச்ச பாவத்தைக் காலமை எழும்பித் தானே ஊருக்குச் சொல்றவனைக் கண்டிக்கிற ஹதீஸைச் சொன்னார், பழைய இஸ்லாமியச் சட்டமான ஃபிக்ஹும் செயலைத்தான் பாத்தது, ஆள்வகை பிரிக்கேல்லை எண்டார், ஆணா பெண்ணா எண்டு சொல்லேலாத உடம்போட பிறந்தவைக்கு மட்டும் குன்ஸா எண்டு தனிச் சட்டம் இருந்ததாம். எனக்கு இது பிடிச்சுது, ஆனா முழுசா ஒத்துக்கொள்ளேலாது, மறைக்கச் சொன்னா அநியாயம் செய்யப்பட்டவளும் சேந்தெல்லோ வாய் மூடுறாள், அதோட டிலீட் பண்ணினாலும் ஸ்கிரீன்ஷொட் ஆரிட்டையாவது கிடக்கும்.

குறை இருக்கு. ஆண் பெண் எண்டது நாங்க திரும்பத் திரும்ப நடந்து காட்டி உருவாக்கிறது எண்ட ஜூடித் பட்லரை அவசரத்தில ஓட்டிட்டினம், போட்டோகொப்பி வாசிக்கேலாது. பெரிய எரிச்சல் கடைசி வகுப்பு: வெள்ளைக்காரன் 1883ல கொண்டந்த தண்டனைச் சட்டக்கோவையில, 'இயற்கைக்கு மாறான' உறவு எண்டு ஒருபாலுறவைக் குற்றமாக்கிற 365ம் பிரிவு இன்னும் கிடக்குதே, அதுக்கு உங்கட தத்துவம் என்ன சொல்லுது எண்டு ஒரு பெடியன் கேக்க, மூதூர் பஸ் போயிடும் எண்டு சாமானைக் கட்டத் தொடங்கிட்டினம். ரெண்டு தரப்பும் சேந்து நழுவின ஒரே இடம் அதுதான்.

அஞ்சுக்கு மூண்டரை ஸ்டார். பிந்திப் போனா கதிரை இல்லை, ஃபேனும் முன்வரிசைக்கு மட்டுந்தான்.