பழைய வண்டிக்காரர்களே, இணையதளம் கட்ட முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், "நமக்குன்னு ஒரு இணையதளம் இருந்தா நல்லா இருக்குமே" என்ற பேச்சு வந்துவிடும். கோவை வட்டாரத்தில் எங்கள் குழுவிலும் வந்தது. கூட்டாகப் பணம் போட்டு ஒரு வெப் டிசைன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். பணம் போனது. அதோடு சிலருடைய பல வருட உழைப்பும் போய்விட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

ஜாவாவும் யெஸ்டியும் தயாரித்த, மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஜாவா பெயர் 2018-லும் யெஸ்டி பெயர் 2022-லும் புது வண்டிகளில் திரும்பி வந்தன. ஆனால் அவற்றில் இருப்பது வேறு வகையான ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். பழைய டூ ஸ்ட்ரோக் யெஸ்டி ரோடுகிங் வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கடை பிஸ்டன் நம்பகமானது, ஜிகோவ் கார்புரேட்டரை எப்படி டியூன் செய்வது, ஆறு வோல்ட் வயரிங்கைப் பன்னிரண்டுக்கு மாற்றினால் எதெல்லாம் மாற வேண்டும், இதெல்லாம் வயதான சில மெக்கானிக்குகளின் கையில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பதில் கிடைக்கும், ஆனால் ஒரே வாரத்தில் அது எங்கோ மேலே போய்விடும். அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார். அதனால்தான் மாடல் வாரியாகப் பிரித்து, தமிழில் தேடக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தோம்.

அந்த நிறுவனத்தின் உரிமையாளர் நேரில் வந்தார், டெமோ காட்டினார், அழகாகத்தான் இருந்தது. "டொமைன் எங்க குழு பேர்ல இருக்கணும்" என்று முதல் நாளே கேட்டோம். டொமைன் என்றால் தளத்தின் முகவரிப் பெயர். "கவலைப்படாதீங்க சார், எல்லாம் உங்க பேர்லதான்" என்றார். பில்லிலும் டொமைன் பதிவு, ஓராண்டு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் வாடகை), மென்பொருள் என்று தனித்தனி வரியாகப் போட்டுக் கொடுத்தார். மென்பொருள் அவர்களே எழுதியதாம், அதற்குத்தான் பெரிய தொகை.

தளம் வந்ததும் எங்கள் ஆட்கள் உற்சாகமாக இறங்கினார்கள். பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன், தான் கையால் வரைந்து வைத்திருந்த வயரிங் படங்களை எல்லாம் போட்டோ எடுத்துப் போட்டார். எஞ்சின் பிரிக்கிற ஒவ்வொரு கட்டத்தையும் படத்தோடு எழுதினார். எழுதிப் பழக்கமில்லாத மனிதர் அவர். இரவில் கடை மூடிய பிறகு, மகளைத் தட்டச்சு செய்யச் சொல்லிச் செய்த வேலை அது.

சில மாதங்களில் போனில் தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கத்துக்குத் தாவ ஆரம்பித்தது. அப்புறம் குரோமில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. நிறுவனத்திடம் கேட்டபோது, உங்கள் ஆட்களின் போனில்தான் வைரஸ் என்றார்கள். குழுவில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் ஒரு தம்பி உள்ளே நுழைந்து பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. அவர்களே எழுதியதாகச் சொன்னது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உரிமம் போட்டு விற்கும் மென்பொருள். உரிமச் சோதனையை உடைத்து எடுத்த திருட்டு நகல். இதை 'நல்டு' என்பார்கள். இப்படிச் சுற்றும் நகல்களில், வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்துத்தான் பலர் வெளியிடுகிறார்கள், அப்டேட்டும் வராது. இலவசமாக எடுத்த திருட்டுப் பொருளுக்கு எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்.

சரி, வேறு ஆளை வைத்துச் சுத்தம் செய்துகொள்கிறோம், டொமைன் கணக்கையும் பேக்கப்பையும் கொடுங்கள் என்றோம். அன்றைக்குத்தான் பேச்சே மாறியது. டொமைன் அவருடைய சொந்தக் கணக்கில், அவர் பெயரில் இருந்தது. பராமரிப்புக் கட்டணம் என்று புதிதாக 25,000 ரூபாய் கொடுத்தால்தான் மாற்றித் தருவாராம்.

இதை முன்பே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். ஆனால் 2018-க்குப் பிறகு டொமைன் யார் பெயரில் என்று பார்க்கும் 'ஹூயிஸ்' தேடலில் பெரும்பாலான டொமைன்களின் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டுத்தான் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் பெயர் இருக்கிறதா அவர் பெயர் இருக்கிறதா என்று தெரியாது. டொமைன் விற்கும் பதிவு நிறுவனத்தில் உங்கள் மின்னஞ்சலில் உங்கள் கணக்கைத் திறந்து, உங்கள் கார்டில் பணம் கட்டி வாங்கியிருந்தால் மட்டும்தான் அது உங்களுடையது. டாட் இன் ஆனாலும் டாட் காம் ஆனாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். இதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நாங்கள் கூடுதல் பணம் கொடுக்க மறுத்தோம். அவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். காலாவதியான டாட் காம் பெயரைப் பழைய கணக்கு வைத்திருப்பவர்தான் சலுகைக் காலத்திலும், அடுத்த 30 நாள் மீட்புக் காலத்திலும் திரும்ப எடுக்க முடியும். அந்தக் கணக்கு அவர் கையில். எங்கள் பெயர் இப்போது வேறு யாரிடமோ போய், அதில் பெட்டிங் விளம்பரம் ஓடுகிறது.

பேக்கப் என்று கடைசியில் ஒரு ஜிப் கோப்பு அனுப்பினார். அதில் பழைய எழுத்துகள் கொஞ்சம் இருந்தன, படம் ஒன்றுகூட இல்லை. படங்கள் எல்லாம் அவருடைய கிளவுட் கணக்கில் இருந்து, அதையும் மூடிவிட்டாராம். வயரிங் படம் இல்லாமல் "மேலே காட்டிய சிவப்பு வயரை" என்ற வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2017-ல், படங்களைச் சேமித்து வைக்கும் ஃபோட்டோபக்கெட் நிறுவனம் வெளித் தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கேட்டபோது, உலகெங்கும் பழைய வண்டி பழுதுபார்க்கும் பக்கங்கள் இப்படித்தான் படமில்லாமல் போயின. 2019 டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பதிவுகள் அழிக்கப்பட்டபோதும் நம் நாட்டு ஜாவா, புல்லட் பிரியர்கள் நிறைய இழந்தார்கள். யாஹூ அழிக்கும் முன் அறிவிப்பாவது கொடுத்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினோம், முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. லாகின் செய்தால்தான் தெரியும் பக்கங்களை அது சேமிப்பதில்லை.

எனக்கு இன்னும் தூக்கம் வராத விஷயம் ஒன்று உண்டு. உறுப்பினராகச் சேர ஆர்சி புத்தகப் படம் கட்டாயம் என்று படிவத்தில் அவரே ஒரு கட்டம் சேர்த்திருந்தார். போலி ஆட்களைத் தடுக்க என்று காரணம் சொன்னார். ஆர்சியில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், முகவரி எல்லாம் இருக்கிறது. பழைய வண்டிச் சந்தையில் திருட்டு வண்டிக்கு நல்ல ஆவணத்தின் நம்பரை அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படங்கள் இப்போது யாரிடம் என்று அவர் சொல்ல மறுக்கிறார். வண்டிப் பிரியர்கள் கூடும் எந்தத் தளமும் ஆர்சி கேட்கத் தேவையே இல்லை. கேட்டால் சேராதீர்கள்.

இனி தொடங்குபவர்களுக்கு: கலந்துரையாடல் தளம் நடத்த டிஸ்கோர்ஸ் போன்ற திறமூல மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) இலவசமாகவே கிடைக்கிறது. மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கேட்டால், உங்கள் பெயரில் உரிம ரசீது கேளுங்கள். சர்வரும் படம் சேமிக்கும் இடமும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை டேட்டாபேஸையும் படக் கோப்புறையையும் இறக்கி இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். அந்த நகலிலிருந்து தளம் உண்மையிலேயே எழுகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள். இதை முடித்துக் காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் சும்மா விடாதீர்கள். பில், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். ஆர்சி விஷயத்துக்கு சைபர் கிரைமில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் தளத்தில் இருந்தவர்கள் யாராவது ரோடுகிங் வயரிங் படத்தையோ, கிராங்க் பிரிக்கும் பக்கத்தையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். அந்த மெக்கானிக் அண்ணனுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, மறுபடி வரைந்து தரச் சொல்ல எங்களால் முடியாது.