எஸ்.ஆர்.கே.யா, பெங்-ராபின்சனா?

எண்ணெயும் எரிவாயுவும் கலந்த கலவை எந்த அழுத்தத்தில் ஒன்றாக இருக்கும், எங்கே திரவமும் ஆவியுமாகப் பிரியும்? இதைக் கணக்கிட சிமுலேட்டர் (எண்ணெய் வயலைக் கணினியில் மாதிரியாக்கும் நிரல்) முதலில் நிலைச் சமன்பாட்டை, அதாவது அழுத்தம், வெப்பநிலை, கனஅளவு ஆகியவற்றை இணைக்கும் சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். போட்டி பெரும்பாலும் இரண்டுக்குத்தான்: ரெட்லிக்-குவாங் சமன்பாட்டை சோவே 1972இல் திருத்திய எஸ்.ஆர்.கே.; கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெங்கும் ராபின்சனும் 1976இல் வெளியிட்ட பி.ஆர்.

பிரிநிலைக் கணக்கில், அதாவது எவ்வளவு திரவம், எவ்வளவு ஆவி என்பதில், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. திரவ அடர்த்தியில்தான் இடைவெளி. மாறுநிலையில் (திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடு மறையும் புள்ளி) அமுக்கக் காரணி (நிஜ கனஅளவுக்கும் இலட்சிய வாயுவின் கனஅளவுக்கும் உள்ள விகிதம்) எல்லாப் பொருளுக்கும் ஒன்றே என்று இரண்டும் சாதிக்கின்றன: எஸ்.ஆர்.கே.க்கு 0.333, பி.ஆர்.க்கு 0.307. மீத்தேனின் நிஜ மதிப்பு 0.286, ஹெப்டேனுக்கு 0.26 அளவு. ஆக இரண்டுமே தப்பு, பி.ஆர். கொஞ்சம் குறைவான தப்பு. பெனலூ 1982இல் தந்த கனஅளவு நகர்த்தல் திருத்தத்தைச் சேர்த்தால் அந்த மேன்மையும் பெரிதாக மிஞ்சாது. அது பிரிநிலையைத் தொடாமல் அடர்த்தியை மட்டும் சரிசெய்யும்.

புதிதாகத் தொடங்கினால் நான் பி.ஆர். எடுப்பேன். ஏற்கெனவே ஆய்வகத் தரவுக்குப் பொருத்திய எஸ்.ஆர்.கே. மாதிரி கையில் இருந்தால் மாற்ற மாட்டேன். ஒருமுறை, ஒன்றுக்குப் பொருத்திய இருகூறு இடைவினை எண்களை (கலவையில் இரண்டிரண்டு கூறுகள் ஒன்றையொன்று பாதிப்பதைச் சரிசெய்யும் எண்கள்) அப்படியே மற்றதில் ஒட்டிவிட்டு, டியூ பாயின்ட் (வாயுவிலிருந்து முதல் துளி திரவம் பிரியும் அழுத்தம்) ஏன் நகர்ந்தது என்று அரைநாள் தேடினேன். அதைவிடப் பெரிய வம்பு ஹெப்டேனுக்கு மேற்பட்ட கனக் கூறுகள். அவற்றை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் விடை அதிகம் ஆடுகிறது.

சமன்பாடே வேண்டாம், பிளாக் ஆயில் அட்டவணை (எண்ணெய், வாயு என இரண்டே கூறாகக் கொண்டு பண்புகளை அழுத்தவாரியாகத் தரும் பட்டியல்) போதும் என்பவர்களும் உண்டு. வாயு குறைந்த, கனத்த எண்ணெய்க்குச் சரி. கண்டன்சேட் வயலில் அதை நம்ப மாட்டேன். அங்கே அழுத்தம் இறங்கும்போது வாயுவிலிருந்து திரவம் விழும். கண்ணாடிச் சன்னல் வைத்த பி.வி.டி. (அழுத்தம்-கனஅளவு-வெப்பநிலை) ஆய்வகக் கலத்தில், தெளிந்த வாயு டியூ பாயின்டில் சட்டென்று மூடுபனியாக மங்கும், அடியில் துளி சேரும். அழுத்தம் இன்னும் இறங்கினால் அதில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகும்.

இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலுள்ள அருண் வயலில் ஆய்வகம் காட்டிய அதிகபட்சத் திரவம் 1 சதவீத அளவுதான். ஆனால் அது கிணற்றைச் சுற்றித் தேங்கியதில் கிணறுகளின் உற்பத்தித் திறன் பாதியளவுக்குக் குறைந்தது. அங்கே எஸ்.ஆர்.கே.யா பி.ஆர்.ஆ என்று மல்லுக்கட்டுவதைவிட, சிமுலேட்டரில் கிணற்றைச் சுற்றியுள்ள கட்டங்களைச் சிறிதாக வெட்டுவதே முதல் வேலை.